சிரித்தவர் வீட்டு ஃபைபர்

எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்த அன்று காலை நான் சிரித்தேன். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சிரிப்புதான் காரணம் என்று ஒளியிழை விரிவாக்க இயக்ககம் தன் விளக்கத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே சிரிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குத் தொழில் பல்செட் செய்வது. டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சின்ன அறை. அதில் மெழுகு, அச்சு, பிளாஸ்டர் தூசி, நான். என்னுடைய முன்பற்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு கிரிக்கெட் பந்தோடு போய்விட்டன. இப்போது வாயில் இருப்பது நானே செய்துகொண்ட செட். வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட உதவும் என்று கொஞ்சம் கூடுதல் வெள்ளையாகவே செய்தேன். யாராவது கேமராவைத் தூக்கினால் தொழில் பழக்கத்தில் முழுசாகக் காட்டிவிடுவேன்.

வீட்டில் நானும் அக்காவும்தான். அக்காவுக்கு வலிப்பு உண்டு. அது வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்கு மட்டும் ரப்பர் எரிகிற வாசனை வரும். அந்த இடைவெளியில் கழுத்தில் தொங்கும் சிவப்புப் பட்டனை அமுக்குவாள். ஹாலில் பழைய போனுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, அது அலறும். உதவி மையத்திலிருந்து ஒரு பெண் அந்தப் பெட்டி வழியாகவே பேசுவாள். பதில் இல்லையென்றால் ஆம்புலன்ஸ் அனுப்புவாள். இதெல்லாம் ஓடுவது பழைய போன் லைனில். எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. செல்போனில் பேச வேண்டுமென்றால் தெருமுனை வரை மேடேறிப் போக வேண்டும்.

இந்தப் பட்டன் இல்லாத காலத்தில் ஒருநாள் அக்கா குளியலறையில் விழுந்து, நான் வேலை முடிந்து வந்து கதவை உடைக்கும்வரை அப்படியே கிடந்தாள். அந்த ஈரத்தரையில் அவளைப் பார்த்த பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பட்டன் வந்த பிறகுதான் நான் வீட்டுக் கவலை இல்லாமல் பல் செதுக்குகிறேன்.

பழைய செம்புக் கம்பிகளை எடுத்துவிட்டு எல்லா வீட்டுக்கும் ஃபைபர் கொடுக்கப் போகிறோம், பட்டன் பெட்டியையும் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று இயக்ககம் அறிவித்தபோது, உள்ளபடியே நான் சந்தோஷப்பட்டேன்.

சொன்ன நாளில் வேன் வந்தது. சட்டையில் கசங்கலே இல்லாத இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். ஒருவர் கையில் கேமரா, இன்னொருவர் கையில் பளபளவென்று ஒரு வெள்ளைப் பெட்டி. வேனுக்குள் கேபிள் சுருளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் லைன் போடுகிறவள் என்று தெரிந்தது, ஏனென்றால் அவள் உடுப்பு மட்டும்தான் அழுக்காக இருந்தது.

"சார், இந்தப் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நில்லுங்க. நிறைவுப் படம் எடுக்கணும்" என்றார் கேமராக்காரர்.

"இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கலியே தம்பி?"

"காலை வெளிச்சம் போயிடும் சார். படம் முதல்ல, வேலை அப்புறம்."

பெட்டியைப் பிடித்தேன். சிரித்தேன். கேமராக்காரர் திரையைப் பார்த்து, "அட்டகாசம் சார்" என்றார். அவர் விரலால் எதையோ தட்ட, எங்கோ ஒரு மணி அடித்தது. உடனே மற்றவர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். தெருவுக்கே அந்த ஒரு பெட்டிதானாம். அடுத்த வீட்டுக்காரரும் பிடிக்க வேண்டுமாம்.

"அப்ப கேபிள்?"

"வருவாங்க சார்."

கேபிள் சுருளோடு இருந்த பெண் வேனை விட்டு இறங்கப் பார்த்தாள். "அந்த வீடு முடிஞ்சுதும்மா, உக்காரு" என்றார் கேமராக்காரர். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டுக்காரர் படத்தில் கண்ணை மூடிவிட்டார். படம் தள்ளுபடியானது. மறுபடி வந்தார்கள்; அவர் தும்மிவிட்டார். அதற்கும் அடுத்த முறை வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று அந்தப் பெண் அவர் வீட்டுக்குக் கேபிள் இழுத்துவிட்டாள். எங்கள் தெருவில் ஃபைபர் கிடைத்த வீடுகளெல்லாம் இப்படிக் கிடைத்தவைதான்; அங்கேயும் அதில் டிவிதான் ஓடியது, போனை யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டம்மா ஜென்மத்தில் சிரித்ததில்லை, அவருக்கு மாடிக்கும் சேர்த்து இழுத்துக் கொடுத்தார்கள். முதல் படத்திலேயே தேறியவன் நான் ஒருவன்தான்.

அந்த வாரமே செய்தி வந்தது. "வாழ்த்துகள். நீங்கள் இணைந்துவிட்டீர்கள். வரும் வெள்ளிக்கிழமை உங்கள் பழைய லைன் துண்டிக்கப்படும்."

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உன்னை யாருடா பல்லைக் காட்டச் சொன்னது?" என்றாள். அதோடு கழுத்துப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தொட்டது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்யலாமா என்று கேட்டேன். அவர், "அரைக்கிற மெஷினை யார் தூக்கிட்டு வர்றது, நானா?" என்றார். அரை நாள் லீவு போட்டுவிட்டு இயக்ககத்துக்குப் போனேன்.

முன் அறையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் என் முகவரியைத் தட்டிப் பார்த்தார். "உங்க வீடு பச்சையா இருக்கு சார்."

"வீட்டுக்குக் கேபிளே வரலைங்க."

"பச்சைன்னா வந்துருச்சுன்னு அர்த்தம்."

"வரலைன்னு வீட்ல இருக்கிற நான் சொல்றேன்."

"வராத வீடு சிவப்பா இருக்கும் சார்." அவர் திரையை என் பக்கம் திருப்பினார். தெரு முழுக்கப் பச்சை. என் வீட்டின் மேல் கூடுதலாக ஒரு நட்சத்திரம். அவர் நட்சத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியை விட்டு எழுந்தார். "சார், நீங்க அவர்தானா?"

அவர் கைகாட்டிய பக்கம் திரும்பினேன். சுவரை அடைத்துக்கொண்டு நான் இருந்தேன். வெள்ளைப் பெட்டியைப் பிடித்தபடி, காதுவரை வாயை விரித்து, நான் செய்த பற்கள் ஒவ்வொன்றும் கையகலத்தில். கீழே, "நான் இணைந்துவிட்டேன். நீங்கள்?" என்று எழுதியிருந்தது. அப்புறம் வெளியே பார்த்தால் வேன்களிலும் நான்தான்.

என்னை மரியாதையாக உள்ளே அழைத்துப் போய் மக்கள் மகிழ்ச்சிப் பிரிவு அதிகாரி முன்னால் உட்கார வைத்தார்கள். அதிகாரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அக்கா, வலிப்பு, பட்டன், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும்" என்றார். "கேபிளை யார் வேணும்னாலும் போடலாம். மனசுல வெளிச்சம் போடறதுதான் கஷ்டம். முன்னெல்லாம் நாங்களும் கேபிளைப் போட்டுட்டுத்தான் படம் எடுத்தோம். என்ன ஆச்சு? சுவர்ல ஓட்டை, வீடெல்லாம் தூசி, ஆளாளுக்குக் கோபம். பாதிப் பேர் சிரிக்கவே இல்ல. இப்ப வரிசையை மாத்தினோம். முதல்ல சிரிப்பு. திருப்தி நூறு சதவீதம் ஆயிடுச்சு."

"கேபிள் எத்தனை சதவீதம் சார்?"

"அதை நாங்க அளக்கறதில்லை. அளந்தா மக்கள் மனசு கஷ்டப்படும்."

"என் வீட்டுக்கு ஒருத்தரை அனுப்பினாப் போதும் சார். அரை மணி நேர வேலைங்கிறாங்க."

"முடிஞ்ச வீட்டுக்கு எப்படி சார் ஆள் அனுப்ப முடியும்? தணிக்கையில கேப்பாங்க." யோசித்தார். "வேணும்னா உங்க சிரிப்பை ரத்து பண்ணலாம். ஒரு வருத்தப் படம் எடுத்து ஏத்தினா வீடு சிவப்பாயிடும்."

உடனே எடுங்கள் என்றேன். கேமரா வந்தது. எனக்கு வருத்தப்படப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை. குளியலறைத் தரையை நினைத்தேன், போதும். அதிகாரி படத்தை ஏற்றினார். திரை கொஞ்சம் சுற்றிவிட்டு, "இவர் வேறு நபர்" என்றது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் நான் வேறு நபர். கடைசியாக ஒரு சோதனைக்காகச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். "வணக்கம்" என்று என் பெயர் சொல்லி வரவேற்றது.

"பாத்தீங்களா" என்றார் அதிகாரி, நிஜமான வருத்தத்தோடு. "சிரிச்சாத்தான் உங்களைத் தெரியுது. சிரிச்சா ரத்து பண்ண முடியாது. மறு ஆய்வுக் குழுதான் முடிவு பண்ணணும். திங்கக்கிழமை கூடுது."

"லைனை வெட்டறது வெள்ளிக்கிழமை சார். அதை மட்டும் நிறுத்தி வைங்க."

"வெட்டறது வேற பிரிவு. அவங்க சொன்ன தேதிக்கு டாண்ணு வருவாங்க. எங்க இயக்ககத்துலேயே அவங்களை மாதிரி நேரம் தவறாத ஆளுங்க கிடையாது."

வாசலில் எழுத்தர் என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. பழக்கதோஷத்தில் வாய் தானாகவே விரிந்தது.

வியாழக்கிழமை மாலை அழைப்பிதழ் வந்தது. நகரின் கடைசிச் செம்புக் கம்பியைத் துண்டிக்கும் விழா எங்கள் வீட்டு வாசலில். தலைமை, இயக்ககத்தின் இயக்குநர். கம்பியை வெட்டுபவர், மகிழ்ச்சியின் முகம். மகிழ்ச்சியின் முகம் என்பது நான்.

"நீயே வெட்டப் போறியா?" என்றாள் அக்கா.

"இயக்குநரே வர்றார்க்கா. நேர்ல சொன்னாக் கேப்பார்."

"கேக்கிறவர் எதுக்குடா மைக்கோட வர்றார்?"

வெள்ளிக்கிழமை காலை வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். நாற்காலிகள், ஒலிபெருக்கி, தங்க வர்ணம் பூசிய ஒரு கம்பி வெட்டி. எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் அட்டையில் வெட்டிய என் உருவத்தை ஆளுயரத்துக்கு நிறுத்தினார்கள். சுவரோரம் ஓடிய எங்கள் போன் கம்பியை, இணைப்பு அறாமல் ஆணியிலிருந்து மட்டும் கழற்றி, கைக்கெட்டும் உயரத்தில் மேடைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டி, அதில் ரிப்பன் சுற்றினார்கள். லைன் போடும் பெண் ஏணியோடு வேன் அருகில் நின்றாள். நான் அவளிடம் போய், "இன்னைக்காவது போட்டுடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"காலையில கேட்டுட்டேன் சார். விழா நாள்ல வேலை செய்யக் கூடாதாம். தூசி படும்."

அக்கா உள்ளே இருந்தாள். கூட்டம் அவளுக்கு ஆகாது. கொஞ்சம் முன்னாடிதான் பட்டனை அமுக்கி உதவி மையத்துப் பெண்ணோடு பேசியிருந்தாள். "இன்னைக்கு உன் குரலை வெட்டறாங்களாம்மா" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் என்ன சொன்னாளோ, அக்கா பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இயக்குநர் வந்தார், நேராக மைக்கைப் பிடித்தார். என் வாய் அவர் காதுக்கு எட்டும் தூரத்தில்கூட என்னை விடவில்லை.

"ஒரு காலம் இருந்தது" என்று ஆரம்பித்தார். "யாராவது போன் பண்ணினால்தான் நமக்கு அவர்கள் கஷ்டம் தெரியும். புகார் மேல் புகார். செம்புக் கம்பியில் புகார்தான் வந்தது. இன்று என் அலுவலகத்தில் அமைதி நிலவுகிறது. லைன் இல்லாதவர்கள் யாரும் எங்களைக் கூப்பிடுவதே இல்லை. இதைவிட ஒரு சேவைக்கு வேறென்ன சான்று வேண்டும்?" கைதட்டினார்கள். "இதோ, கேபிளே பார்க்காமல் எங்களை நம்பிச் சிரித்தாரே, இந்த மனிதர். இவரல்லவா குடிமகன்."

அதிகாரி வெட்டியை என் கையில் கொடுத்தார். எடை கூடுதலாக இருந்தது. "ரிப்பனுக்கு நேரா வையுங்க சார். இங்க பாருங்க. சிரிங்க."

கேமரா உயர்ந்தது. நான் அக்கா இருந்த ஜன்னலைப் பார்த்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். இனி யாரிடம் எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை. வெட்டியை நாற்காலியில் வைத்தேன். வாய்க்குள் கைவிட்டு செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சார், பல்" என்றார் அதிகாரி.

"முதல்ல கேபிள்" என்றேன். பல் இல்லாததால் காற்றோடு சேர்ந்துதான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

"விளையாடாதீங்க சார். இயக்குநர் நிக்கிறார்."

"நிக்கட்டும். சிரிச்சாத்தானே படம்? படம் எடுத்தாத்தானே வெட்டறது? கேபிளைப் போடுங்க, காது வரைக்கும் சிரிக்கிறேன். இல்லேன்னா இந்த வாயோட எடுத்துக்குங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அதிகாரி பதறியதைப் பார்த்தேன். கேமராக்காரர் அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி இயக்குநரைப் பார்த்தார். லைன் பெண் கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

இயக்குநர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். கேட்டருகில் நின்ற அட்டை ஆளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இவர் இருக்காரே" என்றார்.

அட்டை ஆளைத் தூக்கி வந்து மேடையில் நிறுத்தினார்கள். என்னைக் கொஞ்சம் ஓரமாக நகரச் சொன்னார்கள். அட்டைக் கையோடு வெட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இயக்குநர் கேமராவைப் பார்த்தார். நான் பாய்வதற்குள் கம்பி இரண்டாகி ரிப்பனோடு கீழே விழுந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. கூவென்று நீளமாக, விடாமல். லைன் செத்தால் பட்டன் பெட்டி அப்படித்தான் அழும்.

"கேட்டீர்களா?" என்றார் இயக்குநர் மைக்கில். "புதிய இணைப்பு தன் வருகையை அறிவிக்கிறது."

பந்தல் முழுக்கக் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அக்கா வாசலுக்கு வந்தாள். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது.

"டேய், அமுக்கறேன், யாரும் பேச மாட்டேங்கறாங்க" என்றாள். "ரப்பர் வாசனைடா."

நான் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அவள் விழுந்துவிட்டாள். படியில் நெற்றி பட்டு ரத்தம் வந்தது. தலையை மடியில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். அவள் உடம்பு மொத்தமும் என் கைக்குள் வெட்டி வெட்டி இழுத்தது. கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. பெட்டியின் கூவல் மட்டும் நிற்கவில்லை.

இயக்குநர் தன் செல்போனை எடுத்தார். அதிகாரியும் எடுத்தார். பந்தலில் இருந்த எல்லோரும் எடுத்து, மேலே தூக்கி, இடதும் வலதுமாக ஆட்டிப் பார்த்தார்கள்.

"சிக்னல் இல்லையே" என்றார் இயக்குநர். அவர் குரல் முதல்முறையாக மைக் இல்லாமல் வந்தது. "வீட்டு போன்ல யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கப்பா. சீக்கிரம்."

"இப்பத்தான் வெட்டினீங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த தங்க வெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பார்த்தார். கடைசியில் அட்டை ஆளுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்.

லைன் பெண்தான் வேனைப் பின்னோக்கி வாசல்வரை கொண்டுவந்தாள். "விளம்பர வேன், ஆள் ஏத்தக் கூடாது" என்று கேமராக்காரர் ஏதோ ஆரம்பித்தார். அவள் கேபிள் சுருளைத் தூக்கி அவர் கையில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். அக்காவை ஏற்றினோம். என் சிரித்த முகம் இரண்டு பக்கமும் ஒட்டிய வேனில், பல் இல்லாத நான் அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தெருவில் போனவர்களில் சிலர் வேனுக்குக் கையாட்டினார்கள்.

நெற்றியில் தையல் போட்டார்கள். நாக்கைக் கடித்திருந்தாள். சாயங்காலம் கண் விழித்து, "விழா நல்லா நடந்துச்சாடா?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து நாங்கள் வீடு திரும்பினோம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, லைன் பெண் வீட்டு உடையில், பையில் ஒரு துளைப்பானோடு வந்தாள். யாரும் அனுப்பவில்லை என்றாள். விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமையே மறு ஆய்வுக் குழு கூடியதாம், வெட்டும் விழாவின் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பதால் குறை ஏதும் இல்லை என்று முடிவு செய்ததாம்.

"அப்ப லைன் எப்படிம்மா வரும்?"

"தெருமுனைப் பெட்டியில உங்க வீட்டுக்கு லைன் ஆன்லதான் சார் இருக்கு. பச்சையாச்சே. அங்கேருந்து இங்க வரைக்கும் கேபிள்தான் இல்ல."

சுவரில் ஓட்டை போட்டாள். ஹாலெல்லாம் தூசி. அக்கா கட்டிலில் இருந்தபடியே, "அந்தப் பக்கம் பெருக்கிடுடா" என்று எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பட்டன் பெட்டியை மாட்டினாள். அக்கா அமுக்கினாள். பெட்டி அலறி அடங்கியது, அப்புறம் அந்தக் குரல் வந்தது.

"அக்கா, எங்கக்கா போயிருந்தீங்க? எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?"

"எங்கேயும் போகலம்மா" என்றாள் அக்கா. "இங்கேதான் இருந்தேன்."

எனக்கு வயிற்றிலிருந்து ஒரு நிம்மதி ஏறி வாய்க்கு வந்துவிட்டது. லைன் பெண் சட்டென்று திரும்பினாள்.

"சார், தயவுசெஞ்சு சிரிச்சிடாதீங்க. வாசல் திறந்திருக்கு, அவங்க ஆளுங்க தெருவுலதான் சுத்திட்டிருக்காங்க. சிரிச்சா உடனே இன்னொரு நிறைவுப் படம் எடுத்துடுவாங்க. இந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு இணைப்பு கணக்குல இருக்கு. ரெண்டாவதா ஒண்ணு இருக்கிறது தெரிஞ்சா, கூடுதல்னு இதை வெட்ட வந்துடுவாங்க. டாண்ணு வருவாங்க."

நான் செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டு மூடினேன். உதட்டை இறுக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே கேட்டருகில், விழாவின் நினைவுச் சின்னமென்று யாரையும் தொடவிடாமல் நிறுத்திவைத்திருந்த அட்டை ஆள், தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் என் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.